அறிவியற் குறும்படமும் தனிப்படைப்பாளனும்: ஆக்கமும் காப்பும்

1. தோற்றுவாய்

கலை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் எஞ்சி நிற்பவற்றைப் பற்றியே எழுதுவர்; அழிந்தவற்றைப் பற்றி எழுதுவோர் சிலரே. தமிழ் இலக்கிய வரலாற்றில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களையும் கல்வெட்டுக் குறிப்புக்களையும் துணைக்கொண்டு, பெயரளவில் எஞ்சிய நூல்களை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் நூலில் தொகுத்துத் தந்தார்கள். அத்தகைய உழைப்புத் திரைப்படத்திற்கும் வேண்டுமென்னும் எண்ணம், சிறு நிகழ்ச்சி ஒன்றினால் எம்மிடத்து எழுந்தது.

புதுவையின் பாகூர் வட்டாரத்தில், தென்பெண்ணையாற்றுப் பக்கத்ததாகிய சிற்றூர் கரையாம்புத்தூர். அவ்வூர்ப் பகுதியிலிருந்து வந்து எம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், அறிவியற் புனைவாக ஒரு குறும்படம் எடுத்தார். நீரற்றுப்போன வேற்றுலகத்திலிருந்து ஒருவன் ஆறு என்பது யாதெனக் காண வருவதே கதை. கோடையில் வறண்ட பெண்ணையின் மணற்பரப்பே அவ்வேற்றுலகமாயிற்று. வெள்ளித்தாள் ஒட்டிய கூடை தலைக்கவசமாயிற்று. நண்பர்கள் நடித்தனர், கைப்பேசியே படப்பிடிப்புக் கருவி. ஒருவரிடமும் பொருள் பெறாது எடுத்த அப்படத்தை, ஒரு வீட்டுச் சுவரில் வேட்டி கட்டி ஊரார்க்குக் காட்டினார். சிறுவர்கள் இரண்டாம் முறையும் காட்டச் சொன்னார்களாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை கரை மீறிப் பெருகிற்று. அவர் வீட்டில் நீர் புகுந்தது. கணினியும் அதனோடு இருந்த சேமிப்புத் தட்டும் பாழாயின. படம் எடுத்த கைப்பேசியோ முன்னரே கைமாறிவிட்டது. வேறு படி எங்கும் இல்லை. உயரத்துப் பரணில் இருந்தமையால் பிழைத்த கைப்படிக் குறிப்பேடு ஒன்றும், நண்பர்களிடம் கிடந்த சில நிழற்படங்களுமே எஞ்சின. ஆறு எத்தகையது என்று காட்ட எடுத்த படத்தை ஆறே கொண்டுபோயிற்று என்று அவர் நகைத்துச் சொன்னார். எம்மால் நகைக்க இயலவில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இவ்விழப்புப் பொருளின்மையால் நேர்ந்ததன்று. படம் முடிந்தது, மக்கள் கண்டனர், அதன் பின்னரே மறைந்தது. அறிவியற் புனைவுக்குப் பெரும்பொருள் வேண்டும், அதனால் தனிப்படைப்பாளனுக்கு அத்துறை எட்டாது என்பது பலர் கொள்கை. பெருநிறுவனத்தின் முதலையும் ஆணையையும் சாராது தன் பொறுப்பிலேயே படமெடுப்பவனை ஈண்டுத் தனிப்படைப்பாளன் என்கிறோம். அவனுக்கு ஆக்கம் அரிதன்று, காப்பே அரிது. ஆக்கம் ஒருவன் தொழில். காப்புப் பலர் தொழில். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தக்க சான்று, அறிவியற் குறும்படத்தின் தொடக்கமாகவே கொள்ளப்பெறும் பிரெஞ்சுப் படமொன்றின் வரலாறாகும்.

2. நிலவுப் பயணம் எடுக்கப்பட்ட வகை

ழார்ழ் மெலியே 1861-இல் பாரிசு நகரில் காலணித் தொழிலதிபர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலை விடுத்து, 1888-இல் ரொபேர் ஊதேன் அரங்கம் என்னும் மாயவித்தை அரங்கை விலைக்கு வாங்கினார். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் லூமியேர் உடன்பிறந்தார் நிகழ்த்திய திரைக்காட்சியைக் கண்டு, அக்கருவியை விலைக்குக் கேட்டார். அவர்கள் தர மறுத்தனர். மெலியே வாளாவிருந்தாரல்லர். இலண்டனில் இராபர்ட் பால் என்பாரிடம் படங்காட்டும் கருவி ஒன்றை வாங்கி, அதனைப் பிரித்து ஆராய்ந்து, படம் பிடிக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார். தனிப்படைப்பாளனின் முதல் இயல்பு இதுவே: கொடாத கருவியைத் தானே ஆக்கிக்கொள்ளுதல்.

பாரிசை அடுத்த மோந்த்ரேயில், தம் குடும்ப நிலத்தில், கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையும் உடைய படப்பிடிப்பு நிலையம் ஒன்றை எழுப்பினார். பகலொளியே விளக்காக இருந்த காலம் அது. அங்கேயே 1902-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் 'நிலவுப் பயணம்' எடுக்கப்பட்டது. பணி ஏறத்தாழ மூன்று திங்கள் நடந்தது. படத்தின் நீளம் 260 மீட்டர். நொடிக்கு 16 சட்டம் என்னும் வேகத்தில் ஓட்டினால் 14 நிமிடம் ஆகும். இன்றைய வழக்கில் அது முற்றும் குறும்படமே.

கதைக்கருவுக்கு ஜூல் வேர்ன், எச். ஜி. வெல்ஸ் ஆகியோர் நிலவுச் செலவு பற்றி எழுதிய புனைகதைகள் துணையாயின. அறிஞர் அறுவர் பெரும்பீரங்கியிலிருந்து குண்டொன்றினுள் அமர்ந்து நிலவுக்கு ஏவப்படுகின்றனர். ஆங்கு வாழும் நிலவு மாந்தரிடம் சிக்கி, தப்பி, கடலில் வந்து விழுகின்றனர். நிலவின் முகத்துக் கண்ணில் குண்டு பாய்ந்து நிற்கும் காட்சியைப் படம் காணாதவரும் அறிவர்.

கதை எழுதியவர், இயக்கியவர், காட்சித்திரை வரைந்தவர், தலைமை அறிஞராக நடித்தவர் எல்லாம் மெலியே ஒருவரே. நிலவு மாந்தரின் தலைகளுக்குக் களிமண்ணில் உருச்செய்து அச்செடுத்தார். உடைகள் அட்டையாலும் கித்தானாலும் ஆயின. நிலவு மாந்தராக நடித்தோர் கழைக்கூத்தர் போன்ற உடற்பயிற்சிக் கலைஞர்கள். அடிபட்ட நிலவு மாந்தன் புகையாய் மறையுங் காட்சிக்கு நுட்பமான பொறி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓடும் கருவியை நிறுத்தி, நடிகரை அகற்றி, அவ்விடத்தே புகையெழுப்பி, மீண்டும் ஓட்டினர். இரு துண்டுகளையும் இசைய ஒட்டினர். நம் கூத்தரங்கில் திரைபிடித்து வேடம் மாறும் உத்தியோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். அங்கே திரை மறைக்கிறது, இங்கே காலத்தையே நறுக்கி மறைக்கின்றனர்.

வண்ணமூட்டிய படிகளும் உண்டு. அவ்வேலை எலிசபெத் துயிலியே என்னும் அம்மையாரின் தொழிற்கூடத்தில், பெண்டிர் பலர் நுண்ணிய தூரிகை கொண்டு ஒவ்வொரு சட்டமாகத் தீட்ட நிறைவேறிற்று. ஒரு படிக்கு 13,000-க்கு மேற்பட்ட சட்டங்கள் என்பதை எண்ணினால் அவ்வுழைப்பின் அளவு புலனாகும். மெலியேயின் பெயர் நின்றது. தீட்டிய பெண்டிரின் பெயர்கள் மறைந்தன. தனிப்படைப்பு என்று நாம் சொல்லுவதினுள்ளும் பலர் கை உண்டு என்பதையும், அக்கைகளைக் குறித்து வைக்கும் வழக்கம் இல்லாதிருந்தது என்பதையும் இது காட்டுகிறது.

3. ஆக்கியோன் இழந்தமை

இப்படத்திற்கு ஏறத்தாழ 10,000 பிராங்கு செலவாயிற்று. அக்காலத்துக்கு அது பெருந்தொகை. கருப்பு வெள்ளைப் படி 560 பிராங்குக்கும், வண்ணப்படி 1,000 பிராங்குக்கும் விலை கூறப்பட்டன. படியெடுக்கும் செலவை நீக்கிப் பார்த்தாலும், கருப்பு வெள்ளையில் 18 படிகள் விற்றாலன்றிப் போட்ட பொருள் மீளாது. விலை மிகுதியென்று சந்தைக் காட்சியாளர்கள் முதலில் வாங்கத் தயங்கினர் என்றும், இலவசமாக ஒருமுறை காட்டச் செய்த பின்னரே மக்கள் ஆரவாரத்தைக் கண்டு வாங்கினர் என்றும் மெலியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

ஈண்டு விற்பனை முறையை உற்றுநோக்க வேண்டும். அந்நாளில் படம் வாடகைக்கு விடப்படவில்லை, படியே விற்கப்பட்டது. வாங்கியவன் அதனை எத்தனை முறையும் காட்டலாம். அறமற்றவன் அதிலிருந்து மறுபடியும் எடுக்கலாம். அமெரிக்காவில் அதுவே நடந்தது. எடிசன் நிறுவனத்தாரும் சீக்மண்டு லூபின் என்பாரும் மறுபடிகள் எடுத்துப் பரப்பினர். அந்நாட்டில் படம் பெற்ற புகழுக்கு ஏற்ற வருவாய் ஆக்கியவரை அடையவில்லை. தம் உரிமையைக் காக்க 1903-இல் நியூயார்க்கில் கிளையொன்று திறந்து, தமையனார் கஸ்தோனை அங்கு அனுப்பினார்.

அடுத்த இடர் திருட்டினும் கொடியது. எடிசன் முதலானோர் 1908-இல் அமைத்த காப்புரிமைக் கூட்டமைப்பில் மெலியேயின் நிறுவனமும் சேர்ந்தது. கிழமைக்கு 1,000 அடிப் படம் தரவேண்டுமென்பது அதன் கட்டளை. 'நிலவுப் பயணம்' ஏறத்தாழ 850 அடியே. மூன்று திங்கள் உழைத்து ஆக்கியது ஒரு கிழமைக்குரிய அளவையும் நிரப்பாது! கைத்தொழிலாளனை ஆலையின் அளவுகோலால் அளந்தால் அவன் தோற்பது ஒருதலை. 1911-இல் பத்தே நிறுவனத்திடம் உடைமைகளை ஈடுவைத்துப் பொருள் பெற்றார். 1912-க்குப் பின் படமெடுக்க இயலவில்லை. முதல் உலகப் போரின்போது அவர் படச்சுருள்கள் பல கைப்பற்றப்பட்டு, உருக்கப்பட்டுக் காலணிக் குதிகள் செய்யப் பயன்பட்டன என்பர். காலணித் தொழிலை விட்டு வந்தவரின் கலை காலணியாகவே முடிந்ததென்றால், அதனினும் கொடிய நகைமுரண் வேறில்லை.

1923-இல் அவருடைய மாயவித்தை அரங்கம் சாலையமைப்புக்காக இடிக்கப்பட்டது. மோந்த்ரேய் நிலையமும் கைவிட்டுப் போயிற்று. அவ்வாண்டிலேயே, வைக்க இடமின்றியும் மனம் உடைந்தும், தம்மிடமிருந்த மூலச் சுருள்களைத் தாமே தீயிட்டார். அவர் எடுத்த 500-க்கு மேற்பட்ட படங்களுள் ஏறத்தாழ 200 எஞ்சியுள்ளன. பின்னர் மோன்பர்னாஸ் புகைவண்டி நிலையத்தில் விளையாட்டுப் பொருட்கடை ஒன்றில் அமர்ந்து வாழ்ந்தார். 1926-ஐ ஒட்டி இதழாளர் ஒருவர் அவரை அடையாளங் கண்டார். 1929-இல் பாராட்டு விழாவொன்று நிகழ்ந்தது. 1931-இல் பிரெஞ்சு அரசின் விருது கிடைத்தது. 1938-இல் இயற்கை எய்தினார்.

படமோ பிறரால் பிழைத்தது. ஆங்காங்கு விலைக்கு வாங்கியோரும், பேணியோரும், உரிமையின்றிப் படியெடுத்தோருங்கூட அதனை அழியாமற் செய்தனர். தீட்டப்பட்ட வண்ணப்படி முற்றும் அழிந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1993-இல் பெயர் கூறாத ஒருவர் பார்சலோனாவிலுள்ள கத்தலோனியத் திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்த படங்களிடையே, கட்டியாய் இறுகிய நிலையில் அஃது ஒன்று காணப்பட்டது. அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்துச் சட்டஞ் சட்டமாகப் பிரித்துச் செப்பஞ் செய்ய, 2011-ஆம் ஆண்டு மே திங்கள் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஆக்கியோன் எரித்ததை, பெயர் தெரியாதான் காத்தான். நாம் மேலே கூறிய கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

4. தமிழகத்து நிலை

பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சி தமிழகத்துக்கு முற்றும் அயலானதன்று. திருச்சிராப்பள்ளியில் புகைவண்டித் துறையில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்தே படங்காட்டும் கருவியையும் படங்களையும் வாங்கினார். கூடாரமிட்டு ஊர் ஊராகக் காட்டினார். மெலியேயிடம் படி வாங்கிய சந்தைக் காட்சியாளரின் தமிழ் உடன்பிறப்பு அவர்.

மெலியேயொடு ஒப்பிடத்தக்க தமிழ்த் தனிப்படைப்பாளர் ஆர். நடராச முதலியார். உந்துவண்டி உறுப்புக்களின் வணிகத்திலிருந்து இத்துறைக்கு வந்தவர். படப்பிடிப்பாளர் ஒருவரிடம் அடிப்படைகளைக் கற்று, சென்னையில் நிலையம் அமைத்து, தென்னாட்டின் முதல் ஊமைப்படமாகிய 'கீசகவத'த்தை எடுத்தார். அது வெளிவந்த ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் இருவேறாகக் கூறுவர். ஓர் ஆண்டைத் துணிவதற்கும் சான்று போதாமை, காப்பின்மையின் விளைவன்றோ? தீவிபத்தில் மகனை இழந்து, 1923-இல் அவர் தொழிலை மூடினார். பாரிசில் மெலியே தம் சுருள்களுக்குத் தீயிட்டதும் அவ்வாண்டே. 'கீசகவதம்' இன்று இல்லை. தென்னாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டிருந்தும், 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே முழுமையாகக் கிடைப்பது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதா'சும் மறைந்தது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றிய ஆண்டு 1964; அதற்குள் போவன போய்விட்டன.

அறிவியற் புனைவைப் பொறுத்தவரையில், தமிழில் அது முதலில் பெருமுதலோடு வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சு அமெரிக்க நிறுவனத்தோடு கூடி எடுத்த 'காடு' 1952-இல் வெளியாயிற்று. அழிந்தொழிந்த மாபெரும் யானைகள் உயிரோடு திரிவதாக அமைந்த கதை அது. அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963-இல் வந்தது. விண்வெளி ஊர்தியேறி வந்த வேற்றுலகத்தார், தம் உலகில் இசை இன்மையால், இசை வல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். பொறியில் மிக்கார் இசையில் வறியர் என்னும் இக்கற்பனை நம் மரபுக்கு ஏற்றது. அதற்குப் பெரும்பொருள் எதுவும் வேண்டாமையும் காண்க. புனைவின் உயிர் கருத்திலேயே உள்ளது. பொறி அதற்கு உடம்பே.

அவ்வுண்மையை அண்மைக்காலம் மெய்ப்பித்துள்ளது. 2009 முதல் தொலைக்காட்சியில் நிகழ்ந்த 'நாளைய இயக்குனர்' என்னும் குறும்படப் போட்டி, தனிப்படைப்பாளர் பலர்க்கு வாயிலாயிற்று. அவ்வழியில் வந்த ஆர். இரவிக்குமார், காலப்பொறியைப் பொருளாகக் கொண்ட 'இன்று நேற்று நாளை'யை 2015-இலும், வேற்றுலக உயிரைப் பொருளாகக் கொண்ட 'அயலா'னை 2024-இலும் வெளியிட்டார். ஆக்கத்தின் தடை குறைந்துவிட்டது. ஆயின் போட்டிக்கு வராத, ஊர்ச் சுவரோடு நின்ற குறும்படங்கள் எத்தனை! அவற்றின் நிலை கரையாம்புத்தூர்ப் படத்தின் நிலையே.

5. செப்பேடும் சேமிப்புத் தட்டும்

பாகூர் வட்டாரம் காப்பின் பெருமைக்கும் சான்று உடையது. 9-ஆம் நூற்றாண்டினனாகிய பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரில் விளங்கிய வித்தியாத்தானம் என்னும் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று விளாங்காட்டங்கடுவனூர். கரையாம்புத்தூருக்கு அண்மையில் இன்றும் கடுவனூர் என்னும் ஊர் இருத்தல் ஒப்புநோக்கத்தக்கது. கொடுத்தவனும் பெற்றவரும் மறைந்தனர், கல்விநிலையமும் மறைந்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் செய்தி நிற்கிறது.

செம்பு வலியது, ஆதலால் நின்றது என்பார்க்கு, ஓலை வலியதன்று என்பதை நினைவூட்டுவோம். பனையோலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போம். ஆயினும் சங்க நூல்கள் நமக்குக் கிட்டியது தலைமுறைதோறும் படியெடுத்தமையால். படியெடுப்பு நின்ற இடத்து நூல் அழிந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றிலிட்டு அழித்த கதைகளும் நாம் கேட்டனவே. புதுவையிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏடுகளைத் தேடித் தொகுத்தோரின் உழைப்பே அதற்கு அடிப்படை.

இக்காலப் படம் மின்னணு வடிவினது, நொடிப்பொழுதில் படியெடுக்கலாம், ஆதலின் அச்சம் வேண்டா என்று சிலர் கூறுவர். படியெடுத்தல் எளிதென்பது உண்மை. எளிதென்னும் எண்ணத்தாலேயே ஒருவரும் எடுப்பதில்லை என்பதும் உண்மை. ஏடு பழுதாகுங்கால் ஓரம் சிதையும், எழுத்துச் சில மறையும். எஞ்சியதைக் கொண்டு பாடம் துணியலாம். சேமிப்புத் தட்டு பழுதாகுங்கால் பெரும்பாலும் முற்றும் போகும். ஏட்டினும் மெலியது நம் காலத்துப் படம்.

மாணவர் விளையாட்டாக எடுத்ததைக் காப்பதனாற் பயன் யாது என்னும் வினாவும் எழும். 1902-இல் தயங்கிய சந்தைக் காட்சியாளரும் அங்ஙனமே கருதினர். ஒரு படைப்பின் தகுதியைத் துணிவது பிற்காலத்தார் உரிமை. அவ்வுரிமையை அவர்க்கு விட்டுவைத்தல் நம் கடமை. அக்குறும்படம் சிறந்ததோ அன்றோ, யாம் சொல்ல வல்லேமல்லேம். காண்பதற்கு அது இல்லையே!

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தனிப்படைப்பாளனுக்கு அறிவியற் குறும்படம் எட்டாத துறையன்று என்பதும், அவன் இழப்பு ஆக்கத்தில் அன்றிக் காப்பிலேயே மிக நிகழ்கிறது என்பதும் பெறப்படும். இவ்விழப்பைத் தடுக்கத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன இரண்டு.

ஒன்று, மாணவரும் வட்டாரத்தாரும் எடுக்கும் குறும்படங்களின் படியை, வெவ்வேறு ஊர்களில் மூன்றிடத்தேனும் வைத்தல். ஓரிடத்து வெள்ளம் பிறிதோரிடத்தை அணுகாது. மற்றொன்று, ஒவ்வொரு படத்திற்கும் பாயிரம் எழுதிச் சேர்த்தல். செய்தவன் யார், பெயர் யாது, எங்கே எக்காலத்தில் எதன் பொருட்டு எழுந்தது, யாரைக் கருதியது, பயன் யாது என்றெல்லாம் நூலுக்குப் பாயிரம் கூறவேண்டுமென நன்னூலார் வகுத்துள்ளார். அவ்விலக்கணம் திரைப்படத்திற்கும் முற்றும் பொருந்தும். உடன் உழைத்தார் பெயர்களையும் அதனுள் சேர்ப்பின், துயிலியே அம்மையாரின் தொழிற்கூடத்துப் பெண்டிர்க்கு நேர்ந்தது நம்மவர்க்கு நேராது.

கரையாம்புத்தூர் மாணவரின் கைப்படிக் குறிப்பேட்டை எம் துறையில் படியெடுத்து வைத்துள்ளோம். நண்பர்களிடமிருந்த நிழற்படங்கள் ஒன்பதும், நடித்தோர் எழுவரின் பெயர்களும், படம் கண்ட முதியோர் இருவர் நினைவிலிருந்து கூறிய கதைச் சுருக்கமும் அதனோடு உள்ளன. உரையாசிரியர் மேற்கோளால் ஒரு நூலை அறிவதுபோல, இவற்றால் அப்படத்தை அறியலாம். ஆறு வற்றும் பருவத்தில் அதனை மீண்டும் எடுக்க அவர் எண்ணியுள்ளார். அங்ஙனம் எடுப்பின், முதற்படியை வாங்கிவைக்க யாம் ஆற்றங்கரைக்கே செல்வதாக உள்ளோம்.